ஏறாத வளையல்

தன் கைகளையே எதிரே உட்கார்ந்திருந்த பெண் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதை நீரஜா கவனித்துவிட்டாள். சட்டென்று தலைப்பை இழுத்துக் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டாள். தி.நகரில் நகைக்கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து நோட்டம் விடுகிறவர்கள் உண்டு; இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்புவது!

ஏற்கெனவே ஒரு திருட்டைப் பிடிக்கத்தான் அவள் மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். திருடியவள் என்று அவள் முடிவுகட்டிவிட்ட ரத்னாவையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். நீரஜா வீட்டில் வருஷக்கணக்காக வேலை செய்யும் ரத்னா, சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“நீங்களே சொல்லுங்கோ சண்முகவேல். இது எங்கம்மா எனக்குப் போட்ட வளையல்தானா? வெள்ளிக்கிழமை பொண்ணுக்குச் சீமந்தம். பீரோவுலேர்ந்து எடுத்துப் போட்டுண்டா கையில ஏறவே மாட்டேங்கறது! சின்னதா ஒண்ணை வச்சுட்டு என்னோடதை யாரோ எடுத்துண்டு போயிருக்கா.”

‘யாரோ’ என்றபோது அவள் கண் ரத்னாவின் மேல் இருந்தது.

“ஐயோ, சத்தியமா நான் இல்லமா! அந்த பீரோவ நான் தொட்டதே இல்ல. எம் பொண்ண இப்பதான் மாப்ள வூட்டுக்காரங்க பாத்துட்டுப் போயிருக்காங்க. போலீசு அது இதுன்னா எல்லாம் நின்னு பூடும்மா.”

“சாவி இருக்கற இடம் உனக்குத் தெரியுமோன்னோ? கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும், இங்கேர்ந்து நேரா ஸ்டேஷன்தான்.”

கடைக்காரர் சண்முகவேல் திருநெல்வேலிக்காரர், எதற்கும் பதறாதவர். வளையலைத் தராசில் வைத்தார், உரைத்துப் பார்த்தார், உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“இது நம்ம கடை வளையல்தாம்மா. முத்திரை இருக்கு, எடையும் சரியா இருக்கு. முந்தி கீறல் விட்டப்ப நான் பத்தவச்ச இடம்கூட இந்தா தெரியுது பாருங்க. அளவும் மாறல.”

“அப்போ ஏன் ஏறலை?”

அவர் ஒரு பாலித்தீன் கவரை அவள் கையில் மாட்டி, அதன்மேல் வளையலை வழுக்கிவிட்டுப் பார்த்தார். எப்பேர்ப்பட்ட கையிலும் ஏற்றிவிடும் வித்தை அது. வளையல் விரல் முட்டியிலேயே முரண்டு பிடித்து நின்றது. வலியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

“கொஞ்சம் சதை போட்டுட்டீங்களோ?”

“நன்னாயிருக்கே! ஒரு கிலோ ஏறலை. பழைய ரவிக்கையெல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு.”

இப்போது சந்தேகம் ரத்னாவை விட்டுச் சண்முகவேல் மேல் பாய்ந்தது. இருவரும் கூட்டுக்களவாணிகளோ? உலகமே தன்னை ஏமாற்றக் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது நீரஜாவின் சமீபகால முடிவு. செருப்புக் கடைக்காரன்கூட ஏழு என்று அச்சடித்துவிட்டு ஆறைத் தலையில் கட்டுகிறான். நாலு கடை மாறியும் ஒவ்வொருத்தனும் அதே திருட்டைத்தான் செய்கிறான்.

இந்தச் சமயம் பார்த்து அந்த எதிர்வரிசைப் பெண் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீரஜா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். நீங்க ராத்திரி குறட்டை விடுவீங்களா? ஃபேன் போட்டும் வேர்த்துக் கொட்டுமா? அடிக்கடி தலைவலி வருதா?”

நீரஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றும் உண்மை. முன்பின் தெரியாதவளுக்குத் தன் படுக்கையறைக் குறட்டை எப்படித் தெரியும்?

“ஓகோ! ஆத்து விஷயத்தையெல்லாம் இவளுக்குச் சொல்லி வச்சிருக்கியா?” என்று ரத்னாவின் மேல் சீறினாள். “எத்தனை நாளா நடக்கறது இந்தக் கூத்து?”

“இவங்க யாருன்னே எனுக்குத் தெரியாதுமா!” ரத்னா உடைந்து அழுதாள்.

அந்தப் பெண் ரத்னாவின் பக்கம் திரும்பினாள். “அழாதீங்கம்மா. இவங்களோட பழைய போட்டோ ஏதாவது உங்ககிட்ட இருக்கா?”

ரத்னா போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு படத்தை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் நீரஜாவின் மகள் மாளவிகாவின் கல்யாண மண்டபத்தில் எடுத்தது. ரத்னாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நீரஜா சிரிக்கிறாள்.

“அவகிட்ட எதுக்குடி அதைக் காட்டறே?” நீரஜா போனைப் பிடுங்கப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை. படத்தைப் பார்த்தாள், நீரஜாவின் தாடையைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். சண்முகவேலும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டு நீரஜா போனுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“என்ன... என்ன பாக்கறேள் எல்லாரும்?”

“என் பேர் மதுமதி. அடையாறுல ஹார்மோன் டாக்டரா இருக்கேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், நாளைக்கு என் கிளினிக்குக்கு வாங்க. ஒரு ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துட்டா உறுதியாத் தெரிஞ்சிடும். பயப்படாதீங்க, வைத்தியம் இருக்கு.”

“எனக்கு எதுக்கு வைத்தியம்? திருடு போனது என் வளையல்!”

டாக்டர் நீரஜாவின் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

“யாரும் எதையும் மாத்தலை மேடம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாச் சுரந்தா இந்த வயசுலயும் கை, கால், தாடையெல்லாம் பெருசாகும். உங்க கை வளர்ந்திருக்கு.”