நிலவறைக்குப் பதினாறு

2023 நவம்பர், ஒரு சனிக்கிழமை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் இரவீந்திரன் வாங்கிய பழைய மரவீட்டின் தரைப்பலகைகள் முழுவதும் கழற்றப்பட்டிருந்தன.

"கீழை பதினாறு காணும், தம்பி. அதுக்கு மேலை ஒரு புள்ளி ஏறக்கூடாது. பூட்டிவிடும்."

மின்வேலைக்கு வந்த லதீசன் நிமிர்ந்து இரவீந்திரனைப் பார்த்தான். ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"பதினாறு பாகை எண்டா சாமான் வைக்கிற அறைக்குத்தான் சரி, அங்கிள். ஆக்கள் இருக்கிற ஹீபலுக்குக் காணாது."

நிலவறையில் தனி வாசலோடு இருந்த சின்னக் குடியிருப்பைத்தான் ஹீபல் என்றான். ஒஸ்லோவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் அதைத் திருத்தி வாடகைக்கு விடுவது வழக்கம். இரவீந்திரனும் அந்த எண்ணத்தில்தான் இருந்தார்.

லதீசனின் தட்டுக்கணினியில் வீட்டின் படம் நிறம் நிறமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு நிறமும் ஒரு வலயம். ஒவ்வொரு வலயத்துக்கும் தரைக்குள் தனிச்சூடு. தபால் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற இரவீந்திரனுக்கு இந்த ஏற்பாடு மெத்தப் பிடித்துப்போயிற்று. எதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"குசினிக்குப் பதினெட்டு. அடுப்பு எரியுதுதானே. ஹோலுக்கு இருபத்தொண்டு. படுக்கையறைக்கு இருபத்திரண்டு."

"ஏனப்பா, கீழையும் ஒரு இருபது வைச்சா என்ன?" தேநீர்த் தட்டோடு மரச்சட்டங்களைத் தாண்டித் தாண்டி வந்த மனைவி புஷ்பராணி கேட்டார்.

"வாடகைக்கு வாறவையைப் பற்றி உமக்கென்ன தெரியும்? கரண்ட் காசு வாடகைக்குள்ளை எண்டா, யன்னலையும் திறந்துவிட்டு ஹீற்றரையும் போடுவினம்."

"தெரியாமலென்ன? ஹவுகன்ஸ்டுவாவிலை வாடகைக்கு இருக்கேக்கை நீங்கள் அதைத்தானே செய்தனீங்கள்."

லதீசன் தேநீருக்குள் சிரித்தான்.

"அதாலைதான் சொல்லுறன்! அனுபவம்!" என்றார் இரவீந்திரன், சற்றும் அசையாமல்.

"கீழை கல்லுச்சுவரப்பா. கால் விறைக்கும்."

"விறைச்சா காலுக்கு ரெண்டு சோடி மேசு போடட்டும். நோர்வேக்கு வந்தாச்சு, பிறகென்ன."

"ஆர் வருவினமெண்டு தெரியாமல் ஏன் இப்பவே பூட்டுறியள்? நான் ஒண்டு சொல்லவேணும், கேளுங்கோ..."

இரவீந்திரன் உசாரானார். மனைவி இப்படித் தொடங்கினால் பின்னால் நிச்சயம் யாரோ ஓர் ஆள் நிற்பது வழக்கம்.

"எனக்கு எல்லாம் விளங்குது. உம்மடை தம்பி குலேந்திரனை பேர்கனிலையிருந்து கூட்டிவந்து கீழை இருத்தப் பாக்கிறீர்."

"ஐயோ, அவனை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்? விசயம் வேறை..."

"பாத்தீரே, பேரைச் சொன்னவுடனை முகம் மாறுது! தம்பி, அந்தப் பூட்டுக்கு ஒரு இரகசிய இலக்கமும் போடும்."

லதீசன் தயங்கினான். "கீழை சூட்டுக்கெண்டு ஒரு சின்னப் பெட்டி வைச்சா, இருக்கிறவையே கூட்டிக் குறைப்பினம், அங்கிள். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

"வேண்டாம். ஒரே பெட்டி, அது மேலை. இலக்கம் மேலை இருக்கிறவையின்ரை கையிலை. கீழை இருக்கிறவை குளிருதெண்டா மேலை வந்து கேக்கட்டும்."

"கீழை ஆர் வந்தாலுமோ?" என்று புஷ்பராணி கேட்டார்.

"ஆர் வந்தாலும். என்ரை அப்பாவே எழும்பி வந்தாலும் பதினாறுதான்."

புஷ்பராணி காலியான கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு லதீசன் பக்கம் திரும்பினார்.

"அங்கிள் சொன்னபடியே செய்யும், தம்பி."

இதற்கு முன் இவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்ததாக இரவீந்திரனுக்கு நினைவில்லை. அந்த மகிழ்ச்சியில் இன்னொரு தேநீரும் குடித்தார்.

சில கிழமைகளில் தரைக்குள் சூட்டுக்கம்பிகள் போய், மேலே பலகைகள் மூடின. ஹோல் சுவரில் பெட்டி ஏறியது. லதீசன் கடைசி வேலைக்கு வந்தான்.

"இரகசிய இலக்கத்தை ஆரின்ரை ஃபோனுக்கு அனுப்புறது, அங்கிள்?"

இரவீந்திரன் பையிலிருந்து ஃபோனை எடுப்பதற்குள் புஷ்பராணி சொன்னார்:

"யூலியாவின்ரை நம்பருக்கு அனுப்பும்."

யூலியா அவர்களுடைய மகன் சயூரனின் நோர்வேஜிய மனைவி. பனிக்காலத்திலும் படுக்கையறைச் சூட்டை நிறுத்திவிட்டு உறங்குகிறவள்.

"அவளுக்கு ஏன்?" என்றார் இரவீந்திரன்.

"மேலை இருக்கப்போறது அவைதானே. பிள்ளை பிறந்தா தாங்கள் இப்ப இருக்கிற ஸ்ட்ரோம்மன் வீடு காணாது, மேலை வந்து இருக்கட்டோ, அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ எண்டு சயூரன் என்னட்டைக் கேட்டவன். அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான். நீங்கள் குலேந்திரனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியள். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப நாங்கள்?"

"நாங்கள் கீழை. நான் பகல் முழுக்க மேலை, பிள்ளையோடை."

இரவீந்திரன் லதீசனைப் பார்த்தார். "தம்பி... அந்தப் பதினாறை மாத்தலாந்தானே?"

"மாத்தலாம், அங்கிள். மேலை இருக்கிறவை சம்மதிக்கவேணும்."

அன்று மாலையே இரவீந்திரன் யூலியாவிடம் கேட்டார். அவள் உடனே சம்மதித்து, பதினேழாக்கினாள்.