பதினொரு தாய்மார்

"வல்லாஹி! நான் சொல்றதுல ஒரு சொல் பொய்யின்னாலும் என் மந்தை தண்ணியில்லாம சாகட்டும்!" என்று சத்தியம் செய்தார் அபு நவ்வாஃப்.

மஃப்ரக் பாலையில் அந்த வருஷம் மழையே இல்லை. தாய்வழி கலக்காத பழைய செம்மறி மந்தைக்கு மட்டும் கோடை முழுக்கத் தண்ணீர் லாரி வரும் என்று அரசு அறிவித்திருந்தது. அதைச் சரிபார்க்க வந்த ஆய்வாளர் ஹனாதி படிவத்தைப் பிரித்தாள்.

"பேரு, ஹாஜி?"

"முத்லக். மகன் நவ்வாஃப் பேரால அபு நவ்வாஃப்னு கூப்பிடுவாங்க. அப்பன் ஃபரீஜ், அவனப்பன் துஆர், அவனப்பன்..."

"போதும், போதும். வீட்டம்மா பேரு?"

கூடாரத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி ரொட்டி தட்டும் ஓசை சட்டென்று நின்றது.

"நாலு பேர் பாக்கற காகிதத்துல பொம்பளை பேரா? நவ்வாஃபோட அம்மான்னு எழுது, மகளே. ஆட்டைப் பத்திக் கேளு."

"சரி. இந்தப் பெட்டையோட தாய்?"

"வத்ஹா. தாய் செத்த மூணு குட்டிக்குத் தன் பாலைக் கொடுத்து வளர்த்தவ. அவ தாய் ஷகா. ஓநாய் வந்தப்ப ஓடாம எதிர்த்து நின்னா. அது வெக்கப்பட்டுத் திரும்பிடுச்சு."

"ஓநாயா?"

"தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஷகாவோட தாய் நஷ்மியா. பஞ்சத்துல ஏழு நாள் நடந்து எல்லாரையும் கிணத்துல கொண்டு சேர்த்தா. கடைசியாத்தான் தான் குடிச்சா."

அப்பன்மாரைச் சொன்ன வேகம் இப்போது இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் குரல் தாழ்ந்தது. பதினோராவது தாய்க்கு வந்தபோது ஹனாதி எழுதவே மறந்திருந்தாள். திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்படியும் பெத்தவங்களா, ஹாஜி!"

"உண்டே. உலகத்துக்குத்தான் தெரியாது."

நாற்பது ஆடுகளிடமிருந்து சோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு வாரம் கழித்துத் தண்ணீர் லாரியிலேயே வந்து குதித்தாள்.

"ஹாஜி! ரத்தமும் நீங்க சொன்னதைத்தான் சொல்லுது. ரொம்பப் பழைய தாய்வழி. சுத்துவட்டாரத்துல வேற ஒரு மந்தையிலயும் இல்லை!"

"எப்படி இருக்கும்?" என்றார் அவர், அடக்கமாக.

அந்த ஆடுகள் அத்தனையும் போன ரமலானுக்கு எல்லை தாண்டி லாரியில் வந்திறங்கியவை. அவர் சொன்ன பதினொரு பெயரும் நவ்வாஃபின் அம்மாவுடைய தாய், பாட்டி, பூட்டி என்று மேலே போகும் பெண்களின் பெயர்கள்.