வாய்க்குள் பேசும் பெண்கள்

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஜவ்வில் ஓட்டை இல்லை, சொட்டு மருந்தில் அழுக்கும் இளகிவிட்டது, கழுவிவிடலாம் என்றார்.

வாமன்ராவுக்கு அதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பது வருஷமாக ஸ்கூட்டர் சாவியால் காது குடைந்தவர் அவர். வெளியே எடுத்ததைவிட உள்ளே தள்ளியதுதான் அதிகம்.

ஆனால் கோளாறு தன் காதில் என்று மனுஷன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சாத்தாராவில் யாருக்கும் ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான். டிவியில் செய்தி வாசிக்கிறவன்கூட முனகுகிறான்.

இதில் வீணாய்ப் போனது மகன் மிலிந்தின் கல்யாணம். அவனுக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை, அதாவது முதுகெலும்பு இல்லாத பிள்ளை.

இரண்டு வருஷத்தில் ஒன்பது வீடுகளில் பெண் பார்த்தார்கள். ஒன்பதிலும் வாமன்ராவ் தட்டில் வைத்த அவல் போஹாவை வழித்துச் சாப்பிட்டார், பெண்ணிடம் பெயரும் படிப்பும் கேட்டார், படியிறங்கும்போது ஒரே தீர்ப்பைச் சொன்னார்.

"வாய்க்குள்ளயே பேசுறா. ஏதோ குறை இருக்கு, மறைக்கிறாங்க."

பெண் நன்றாகத்தான் பேசினாள் என்று மனைவி குமுதினி ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

முகக்கவசம் போட்ட நர்ஸ் அவர் தோளில் துண்டைப் போட்டு, காதுக்குக் கீழே கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெல்லப் பாய்ச்சினாள். நான்காவது தடவை, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. அடுத்த காதிலிருந்து அதன் அண்ணன் வந்தான்.

வாமன்ராவ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மின்விசிறி இப்படியா கடகடக்கும்!

"தலை சுத்துதா காகா? ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காருங்க. இனிமே சாவி, குச்சி எதையும் காதுக்குள்ள விடாதீங்க."

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. அவர் உருகிப்போனார். இப்படி ஒரு குரலுக்காகத்தானே இத்தனை வீடு ஏறி இறங்கினார்!

"பொண்ணுன்னா இப்படிப் பேசணும்! எங்க மிலிந்துக்கு உன்ன மாதிரி ஒருத்தியத்தாம்மா தேடுறேன். உங்கப்பா பேரு சொல்லு, நாளைக்கே வரோம்."

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். அப்போதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போன இடத்தில் அவர் பார்த்தது தட்டைத்தான், முகத்தை அல்ல.

"மறுபடியுமா? போன மே மாசந்தான் எங்க வீட்டுல மூணு தட்டு போஹா சாப்பிட்டீங்க. எம்பேர நாலு தடவ சொன்னேன் காகா. வாயில என்ன மோதகமான்னு கேட்டுட்டுக் கிளம்பிட்டீங்க."

ஈரத் துண்டை மடித்தபடி அவள் சிரித்தாள்.

"தீபாவளி கழிச்சு எனக்குக் கல்யாணம். மாமனாருக்குக் காது நல்லாக் கேக்கும்."

வாமன்ராவ் திரும்பி மனைவியைப் பார்த்தார். வீட்டுத் தெருவிலேயே இரண்டு காது டாக்டர்கள் இருக்க, இங்கேதான் போகவேண்டும் என்று அடம்பிடித்து அவரை பஸ் ஏற்றிக் கூட்டிவந்தவள் குமுதினி.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே அடக்கிய சிரிப்பு அவருக்கு நன்றாகவே கேட்டது.