நேசம்மாளின் உதடுகள்

தென்காசி ஆஸ்பத்திரிப் பிரசவ அறையின் சன்னல் கம்பிகளில் குற்றாலத்துச் சாரல் முத்து முத்தாகத் தொங்குகிறது. மூலையில் பம்ப் ஸ்டவ் இரைகிறது. பிறந்த பிள்ளை இன்னும் அழவில்லை. சொக்கம்மாள் கட்டிலில் கிடந்தபடி நர்ஸ் நேசம்மாளையே பார்க்கிறாள். நேசம்மாள் விரலில் துணி சுற்றிப் பிள்ளையின் வாய்க்குள் இருந்து சளியை எடுக்கிறாள், முதுகைத் தேய்க்கிறாள், உள்ளங்காலைச் சுண்டுகிறாள். கைகள் பறக்கின்றன, உதடுகள் மட்டும் அவசரமே இல்லாமல் “ஆண்டவரே, ஆண்டவரே” என்று அசைகின்றன. அந்த உதடுகள் நின்றால் பிள்ளை போய்விடும் என்று சொக்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். வீல் என்று ஒரு சத்தம். நீலம் பாய்ந்த உடம்பு சிவக்கிறது. பிள்ளையைத் தாயின் மார்பில் கிடத்திவிட்டு நேசம்மாள் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போடுகிறாள், ரப்பர் விரிப்பைக் கழுவுகிறாள், குனிந்து தரையைத் துடைக்கிறாள். உதடுகள் அதே நிதானத்தில் அசைந்துகொண்டே இருக்கின்றன. சொக்கம்மாளுக்குத் திக்கென்கிறது. “அதான் புள்ள அழுதுட்டுல்லா சிஸ்டர்? இன்னும் என்னத்தக் கேக்குதிய?” நேசம்மாள் வாளியோடு நிமிர்ந்து சிரிக்கிறாள். “ஒண்ணும் கேக்கலம்மா, சும்மா பேசிக்கிட்டு இருக்கேன். விடிஞ்சதுலேருந்து ஆண்டவரு கூடவே நிக்காரு, பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்?” சொக்கம்மாள் வெறும் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறாள். பிறகு மெல்லச் சேலையை இழுத்து மார்பை மூடிக்கொள்கிறாள்.