துருவாளின் தொண்ணூறு புகார்கள்

“உங்கள் குதிரை லாயக்காரன் பேசுவதைக் கேட்டால் குதிரையே தூங்கிவிடும்.”

அன்று காலை வந்த முதல் கடிதம் இது. கீழே ‘துருவாள்’ என்று புனைபெயர்.

வாளும் மந்திரமும் கலந்த கணினி விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வரவில்லை. முன்னோட்டமாக இரண்டாயிரம் பேருக்கு விளையாடக் கொடுத்து, கருத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.

அரசனுக்கும் ராணிக்கும் மந்திரிக்கும் வசனம் எழுதியவர்கள் மூத்தவர்கள். லாயக்காரன், படகோட்டி, சலவைக்காரி, சிறைக்காவலன் என்று ஒதுக்குப்புறத்து ஆட்கள் பதினொரு பேரை, வசனம் எழுதப் புதிதாகச் சேர்ந்த அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது அன்றைய கருத்துக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

துருவாளுக்கு அந்தப் பதினொரு பேர்மேல்தான் கண். படகோட்டி அரசாங்க அறிவிப்பு மாதிரி பேசுகிறானாம். சலவைக்காரி நாளுக்கு நூறு துணி துவைத்தும் முதுகு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சலவைக்காரியின் வசனத்தில் முதுகுவலியைச் சேர்த்தாள். மறுநாளே அடுத்த கடிதம்: “முதுகுவலி வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இப்போது வேறு எதையுமே பேச மாட்டேன் என்கிறாள்.”

விளையாடுகிறவர் தன் வீரனை உருவாக்கிக்கொள்ளும் திரைக்கு அவள் எழுதிக்கொடுத்த கேள்விகளும் தப்பவில்லை. “நாற்பது வகை மூக்கு வைத்திருக்கிறீர்கள். அப்பா யார் என்ற கேள்விக்கு மட்டும் பிரபு, தளபதி, மந்திரவாதி என்று மூன்றே பதில். மூட்டை தூக்குகிறவனுக்குப் பிள்ளை பிறக்காதா?”

மூன்று வாரத்தில் தொண்ணூறு கடிதங்கள்.

பக்கத்து மேசையில் இருந்தவர் பரிசோதகர். நாள் முழுக்க விளையாடிப் பிழை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. மனிதர்களிடமும் அதையேதான் செய்வார். நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். முன்னோட்டம் விளையாடுகிறவர்களின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாராம். துருவாள் வேறு யாருமில்லை, இவளுக்கு முன்னால் இதே வேலையில் இருந்து நீக்கப்பட்ட பெண்தானாம்.

“வயித்தெரிச்சல்தான், வேற என்ன? உங்களையும் வெளியில தள்ளாம அந்தம்மா ஓயாது. ஒரு வார்த்தை சொல்லுங்க, தொண்ணூறையும் குப்பையில போட்டுடறேன். கூட்டத்துக்கே போகாது.”

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வீட்டில் இவள் ஒருத்தி சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள்.

“வேண்டாம்ண்ணே. திட்டு வாங்கினது போதும். மறைச்சவங்கற பேரும் எதுக்கு?”

“பொழைக்கத் தெரியாதவங்க நீங்க” என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை, மேலாளர் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்தார். அவர் சிரித்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

விளையாட்டு கனத்துப்போய்விட்டதாம், அதில் வரும் பாத்திரங்களைக் குறைக்க வேண்டுமாம். யார் வசனம் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்து படிக்க அவருக்கு ஏது நேரம்? போன முறை ஆட்களைக் குறைத்தபோது செய்த மாதிரியே, எந்தப் பாத்திரத்தைப் பற்றி எத்தனை கடிதம் என்று மட்டும் எண்ணச் சொல்லியிருந்தார். பாராட்டா வசவா என்று பிரிக்கவில்லை. யார் எழுதியது என்றும் பார்க்கவில்லை. கடிதமே வராத பாத்திரத்துக்குக் கத்தி. அப்படிப்பட்ட பாத்திரங்களையே எழுதியவருக்கும் கத்தி.

மந்திரியைப் பற்றி ஒரு கடிதம்கூட இல்லை. மந்திரி போனார். ராணியின் தோழிகள் ஆறு பேரும் போனார்கள். மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“லாயக்காரன் இருபத்திமூணு. சலவைக்காரி பத்தொன்பது. படகோட்டி… அடேயப்பா.” மேலாளர் தாளிலிருந்து நிமிர்ந்து அவளைத் தேடினார். “உங்க ஆளுங்களைப் பத்திதான் ஜனங்க பேசிக்கிட்டே இருக்காங்க. இன்னும் ஒரு வருஷம் இருங்கம்மா.”

பரிசோதகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவரிடமே துருவாளின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். முகம் பார்த்திராத ஒருத்தியிடம் முதல் முறையாகப் பேசப்போகிறோம் என்ற தயக்கமெல்லாம் இல்லை. வெற்றியைச் சொல்லிக்காட்டும் அவசரம்தான் இருந்தது.

“நீங்க திட்டின திட்டெல்லாம் எனக்கு நல்லதாவே முடிஞ்சுதுக்கா. ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. தெரிஞ்சா உங்களுக்கு வருத்தமா இருக்கும்.”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு சிரிப்பு.

“எனக்கென்னம்மா வருத்தம்? கட்டை விரல்தான் வீங்கிக் கிடக்கு. நல்லாயிருக்குன்னு எழுதினா ஒரே கடுதாசியில முடிஞ்சுபோகும். குறைன்னாதானே தொண்ணூறு எழுத முடியும்?”

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தாள். தன்னை யாரென்றே தெரியாதவருக்கு இந்த மெனக்கெடல் எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“நான் எழுதின ஆளுங்க பதினாலு பேரும்மா. குறைன்னு ஒருத்தரும் ஒரு கடுதாசிகூடப் போடலை. அதை நம்பி நிம்மதியா இருந்துட்டேன்.”