படத்தில் இல்லாதவள்

குண்டூர் நாட்டு மலைக்கிராமங்களில் ஒரு பெண் காமெராவைத் தூக்கியதே அதிசயம். பொன்னம்மாள்தான் மிளகு விற்று அதை வாங்கித் தந்து, வீடியோ எடுக்கவும் எடிட் பண்ணவும் மூத்த மகள் அருணாவை நாமக்கல்லுக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். அம்மா தன்னை நம்பியதில் அருணாவுக்கு அத்தனை பெருமை.

இன்று தங்கை மேகலாவின் கல்யாணம். அருணாவின் முதல் வீடியோ.

"ஏனுங்க அக்கா, நீங்க ஒரு படத்துலயும் இல்லீங்களே?" என்றார் சேலத்து மாப்பிள்ளை.

"இதோ வாரேனுங்க!" காமெராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, மேடையில் நின்ற குடும்பத்தை நோக்கி ஓடினாள் அருணா.

பொன்னம்மாள் இறங்கி வந்து மறித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு. புருசனைப் பறிகுடுத்தவ மேடையேறினா சேலத்துக்காரங்க பேசுவாங்க. நீ படத்துல விழக்கூடாதுன்னுதானே சாமி, அந்தக் காமெராவையே வாங்கிக் குடுத்தேன்."

அருணா திரும்பிப் போய்க் காமெராவில் கண்ணை வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்றாள்.