வலப்பக்கம்

சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பெயின்டர் மாசிலாமணியை, படுக்கைப்புண் வராமலிருக்க மூன்று பேர் சேர்ந்து கட்டையைப் போல உருட்டிப் படுக்க வைப்பார்கள். இடப்பக்கம் திரும்ப அவர் மறுத்ததில்லை. வலப்பக்கம் என்றால் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இடுப்புத் தோல் சிவக்கத் தொடங்கியிருந்தது.

“வலிக்குதாண்ணே?” என்று நர்ஸ் ஸ்டெல்லா கேட்டாள்.

“வலியெல்லாம் இல்ல சிஸ்டர்.”

ஸ்டெல்லாவுக்குக் காரணம் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் ஏறி வலப்பக்கமாகப் படுத்துப் பார்த்தாள். நின்றால் ஜன்னலில் வேப்பமரம் மட்டும்தான் தெரியும். படுத்தபோது மரத்துக்கு மேலே, பாதி நீலம் பூசிய உயரமான கட்டடம் தெரிந்தது.

“அங்கேருந்துதான் விழுந்தீங்களா?”

“ஆமா. மொத தடவ திருப்பினப்பவே பாத்துட்டேன், மிச்சத்த இப்ப வேற ஒருத்தன் அடிக்கிறான். இடுப்புல கயிறு கட்டியிருக்கானா, பாருங்க.”

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இல்லண்ணே.”

“நானும் கட்டல.”

ஸ்டெல்லா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வார்டைப் பார்த்துக்கொள்ளும்படி இன்னொரு நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

மாசிலாமணி கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“என்னை வலப்பக்கம் திருப்புங்க,” என்றார்.